ஜெர்மனியில் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தல்

ஜெர்மனியில் குடியிருக்கும் குழந்தைக்கு ஆறு வயதானால் பள்ளிக்குப் போயே ஆக வேண்டும். பெற்றோர் எந்த நாட்டவர் என்பது இதில் கணக்கில்லை. வீட்டில் வைத்துப் பாடம் சொல்லித்தரவும் அனுமதி இல்லை. இதை எதிர்த்து ஒரு குடும்பம் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தது; 2006இல் அந்த மனு தள்ளுபடியானது. இத்தனை கண்டிப்பில் வெளிநாட்டுக் குடும்பத்துக்கு ஒரு நன்மையும் இருக்கிறது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் கடமை பெற்றோருக்கு இருப்பதுபோல, இடம் தரும் கடமை அரசுக்கு உண்டு. அரசுப் பள்ளியில் நன்கொடையோ கல்விக் கட்டணமோ கிடையாது. தனியார் சர்வதேசப் பள்ளிகள் பலவற்றில் ஆண்டுக் கட்டணம் பத்தாயிரம் யூரோவைத் தாண்டும்.

எல்லாம் முகவரியிலிருந்து தொடங்குகிறது. வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள், வீட்டு உரிமையாளர் தரும் உறுதிச்சீட்டுடன் நகர அலுவலகத்துக்குப் போய்ப் பதிவு செய்ய வேண்டும். இதை 'ஆன்மெல்டுங்' என்பார்கள். இந்தச் சான்று கையில் இருந்தால் பள்ளி வேலை எளிதாக நகரும். அதற்குப் பிறகு யாரைப் பார்ப்பது என்பது ஊருக்கு ஊர் மாறும், ஏனென்றால் அங்கே கல்வி 16 மாநிலங்களின் பொறுப்பு. பவேரியாவில் தொடக்கப் பள்ளி எது என்பதைக் குடியிருக்கும் தெருவே முடிவு செய்துவிடும். ஹாம்பர்கில் பள்ளித் தகவல் மையம் வழிகாட்டும்.

பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, பழைய மதிப்பெண் அட்டைகள் ஆகியவற்றைக் கேட்பார்கள். அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரின் ஜெர்மன் பிரதியும் தேவைப்படலாம். இவற்றைவிட அதிகம் மறந்துபோவது தடுப்பூசி அட்டை. 2020 மார்ச் 1 முதல், பள்ளிக்கு வரும் பிள்ளை தட்டம்மைத் தடுப்பூசி இரண்டு தவணை போட்டதற்குச் சான்று காட்ட வேண்டும். காட்டாவிட்டாலும் கட்டாயக் கல்வி வயதுப் பிள்ளையைப் பள்ளி திருப்பி அனுப்பாது. ஆனால் தகவல் சுகாதார அலுவலகத்துக்குப் போகும், பெற்றோருக்கு 2,500 யூரோ வரை அபராதம் விழலாம். தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி இரண்டு தவணையாகவே போடப்படுகிறது. இரண்டு தேதிகளும் படிக்கும்படி எழுதப்பட்டிருக்கின்றனவா என்று புறப்படும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

சேர்ப்பதைவிடக் கடினமானது மொழி. ஜெர்மன் தெரியாத பிள்ளைகளுக்குப் பல பள்ளிகளில் தனி வகுப்பு உண்டு. பெர்லினில் அதற்கு 'வில்கொமென்ஸ்கிளாஸ' என்று பெயர், பவேரியாவில் 'டாய்ச்கிளாஸ'. முதலில் பெரும்பாலும் மொழிதான். கணக்கு, ஓவியம், விளையாட்டு போன்ற பாடங்களுக்கு வழக்கமான வகுப்பில் போய் உட்காருவதும் உண்டு. ஜெர்மன் ஓரளவு கைவந்ததும் முழுமையாக அங்கே மாற்றுவார்கள். முதல் வகுப்பில் சேரும் சிறுபிள்ளைகள் பெரும்பாலும் நேரடியாகவே மற்றவர்களோடு அமர்கிறார்கள்.

இந்தக் கட்டத்தில் பிள்ளையை ஒரு வகுப்பு கீழே போடச் சொல்லிப் பள்ளி ஆலோசனை தரலாம். நம் பெற்றோர் பலருக்கு இது அவமானமாகப் படுகிறது. ஒரு வருடம் வீணாகிறது என்று வாதாடுகிறார்கள். ஆனால் அந்தக் கூடுதல் வருடம் பல பிள்ளைகளுக்குப் பேருதவி. காரணம் நான்காம் வகுப்பு. தொடக்கப் பள்ளி பெரும்பாலான மாநிலங்களில் நான்கே ஆண்டு, பெர்லினிலும் பிராண்டன்பர்கிலும் மட்டும் ஆறு. அது முடிந்ததும் பிள்ளைகள் பிரிகிறார்கள்: பல்கலைக்கழகத்துக்கு நேர்வழியான கிம்னாசியம், தொழிற்கல்விக்கு வழிவிடும் ரியால்ஷூல, பல வகையும் கலந்த கெஸாம்ட்ஷூல என்று. பவேரியாவில் இந்தப் பிரிவில் மதிப்பெண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு. வேறு பல மாநிலங்களில் ஆசிரியரின் பரிந்துரைக்குப் பிறகு முடிவு பெற்றோர் கையில். மூன்றாம் வகுப்பு வயதில் வந்திறங்கும் குழந்தைக்கு மொழி பழக இடைவெளி மிகக் குறைவு.

மதிப்பெண் முறை முதலில் குழப்பும். அங்கே 1 தான் மிகச் சிறந்தது, 6 மிக மோசம். அட்டையில் 2 என்று கண்டால் அது நல்ல மதிப்பெண்.

தொடக்கப் பள்ளி பல ஊர்களில் நண்பகலையொட்டி முடிந்துவிடும். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போனால் 'ஹோர்ட்' எனப்படும் மதியப் பராமரிப்பில் இடம் தேட வேண்டும். பள்ளி இடத்தைவிட இதுதான் பெருநகரங்களில் பெரிய தலைவலி. 2026 ஆகஸ்ட் முதல், முதல் வகுப்புப் பிள்ளைகளில் தொடங்கிப் படிப்படியாக, முழுநாள் பராமரிப்பு சட்ட உரிமை ஆகிறது. பள்ளியில் சேர்த்த அன்றே இதற்கும் விண்ணப்பித்துவிட வேண்டும்.

பதின்ம வயதில் வருபவர்களின் நிலைமை வேறு. ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் வருபவருக்கு மொழியும் பாடமும் ஒரே நேரத்தில் தலையில் ஏறும். கிம்னாசியம் கிடைக்காவிட்டால் கதவு மூடிவிட்டதாக எண்ண வேண்டாம். ரியால்ஷூல முடித்தவர் நல்ல மதிப்பெண்ணுடன் தொழிற்கல்வி சார்ந்த மேல்நிலைப் பள்ளிக்குப் போய், அங்கிருந்து உயர்கல்விக்கு ஏறலாம். தொழிற்பயிற்சியோடு பள்ளிப் படிப்பையும் சேர்த்துத் தரும் 'அவுஸ்பில்டுங்' முறையில், பயிலும்போதே ஊதியமும் கிடைக்கும்.