கைத்துப்பாக்கி ஏன் உதைக்கிறது?

திருமயம் கோட்டையின் உச்சியிலுள்ள பீரங்கியைப் பார்த்திருக்கிறீர்களா? அதற்கு ஏன் அத்தனை கனம்? குண்டு முன்னே பாயும்போது பீரங்கி பின்னே உதைக்கும். கனம் கூடக்கூட அந்த உதை அடங்கும்.

தற்காப்புக்கு ரிவால்வர் தேடுவோர் சிலர், பைக்குள் அடங்க வேண்டும், குண்டோ பெரியதாக இருக்க வேண்டும் என்பார்கள். இரண்டும் ஒத்துவருமா? கணக்குப் போடுவோம். குண்டின் நிறை 15 கிராம், வேகம் நொடிக்கு 250 மீட்டர் என்று கொள்ளுங்கள். ஒரு கிலோ துப்பாக்கி நொடிக்கு 3.75 மீட்டர் வேகத்தில் பின்னே வரும். அரைக் கிலோ என்றால் 7.5 மீட்டர்! கை தாங்க வேண்டிய ஆற்றலும் இரு மடங்கு. (வெடிவாயுவின் உந்தத்தை நாம் சேர்க்கவில்லை. சேர்த்தால் உதை இன்னும் கூடும்.) துப்பாக்கியின் நுனி மேலே எகிறும், அடுத்த குறி தப்பும்.

தப்பிய குண்டு எங்கே போகும்? 2021 டிசம்பர் 30 அன்று, நார்த்தாமலை அருகே பயிற்சித் தளத்தில் வீரர்கள் சுட்டுக்கொண்டிருந்தபோது, வழிதவறிய குண்டு ஒன்று வீட்டிலிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்தான். கைத்துப்பாக்கிக் குண்டு அவ்வளவு தூரம் போகாது என்று எண்ணிவிடாதீர்கள். நுனி மேல்நோக்கி இருந்தால் அதுவும் ஒரு கிலோமீட்டரைத் தாண்டும்.