பத்து விநாடிச் சொல்லின் விலையை யார் செலுத்துவது?

2024 ஏப்ரல் 28 அன்று சென்னையின் மேற்குப் புறநகரான திருமுல்லைவாயிலில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் நான்காம் தளத்தில் தாயின் கையிலிருந்து நழுவிய கைக்குழந்தை, கீழ்த்தளத்தின் கூரைத் தகட்டில் விழுந்து அதன் விளிம்பில் தங்கி நின்றது. அக்கம்பக்கத்தவர் கீழே போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டனர். முதல் தளச் சன்னல் வழியே வெளியே வந்தவர் கைநீட்டிக் குழந்தையை மீட்டார். அந்தக் காணொளி சில மணி நேரத்தில் நாடெங்கும் பரவியது. மீட்டவர்களைப் பாராட்டிய சொற்களுக்கு இணையாக, தாயைப் பழித்த சொற்களும் சமூக ஊடகங்களில் குவிந்தன. ஏறத்தாழ மூன்று வாரங்களில் அந்தத் தாய் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அவருடைய பெயர் இக்கட்டுரைக்குத் தேவையில்லை. ஒருவர் தம் வாழ்வை முடித்துக்கொண்டதற்கு ஒற்றைக் காரணத்தைச் சுட்டுவது மருத்துவ அறிவுக்கும் பொருந்தாது, அறத்துக்கும் பொருந்தாது. ஆயினும் ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை. பெற்ற குழந்தையை இழக்கும் விளிம்புவரை சென்று மீண்ட ஒரு பெண்ணுக்கு ஆறுதல் கிடைத்திருக்க வேண்டிய நாள்களில், முகமறியாத பெருங்கூட்டம் எவ்வாறு தீர்ப்பு வழங்கும் மன்றமாக மாறியது? அண்ணனூரில் மின்சார ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தம் திருமுல்லைவாயில். இங்கு அன்றாடம் நம்மோடு பயணம் செய்பவர்களே அந்தக் கூட்டத்திலும் இருந்திருப்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் நேரில் எவரையும் கடிந்து பேசத் தயங்குபவர்கள். நல்லவர்கள் பலர் கூடி ஒரு கொடுமையைச் செய்து முடிக்க இடந்தரும் ஏற்பாட்டைத்தான் நாம் ஆராய வேண்டும்.

கூட்டல் கணக்கு: ஒரு கணக்குக்காக, ஐயாயிரம் பேர் ஆளுக்கொரு வரி எழுதியதாக வைத்துக்கொள்வோம். எழுதுபவருக்கு அது பத்து விநாடி வேலை. எழுதிவிட்டு அடுத்த காணொளிக்குச் சென்றுவிடுவார். ஒரு வரியைப் படிக்க ஐந்து விநாடி என்றால், அனைத்தையும் படிக்க அந்தப் பெண்ணுக்கு ஏழு மணி நேரம் ஆகும். ஐயாயிரம் வரிகளில் ஒவ்வொன்றையும் தனியே எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவை மிரட்டலோ ஆபாசமோ அல்ல. ‘கவனமாக இருந்திருக்கலாமே’ என்ற அளவிலான கண்டனமே. காவல் நிலையத்துக்குக் கொண்டுசென்றால் வழக்குப் பதிய இடமிராது. ஆனால், அத்தனையும் ஒருவர் தலையில் ஒரே நாளில் இறங்கும்போது அதன் பெயர் கருத்து அன்று, கல்லெறிதல்.

தெருவில் இவ்வாறு நடப்பதில்லை. எதிரே நிற்பவரின் முகம் வாடுவதைக் கண்டால் பேசுபவரின் குரல் தானாகத் தாழும். நான்கு பேர் கடிந்த பிறகு ஐந்தாமவர், ‘போதும், விடுங்கள்’ என்பார். இணையத்தில் முகவாட்டமும் தெரிவதில்லை, முன்னால் எத்தனை பேர் எறிந்துவிட்டுப் போனார்கள் என்ற கணக்கும் மனத்தில் நிற்பதில்லை. ஒவ்வொருவரும் தாமே முதலில் பேசுவதாக எண்ணிப் பேசுகிறார்கள்.

பொருளியலில் இதற்குப் ‘புறவிளைவு’ என்று பெயர். ஆலையின் புகை ஆலை உரிமையாளரின் கணக்கேட்டில் செலவாகப் பதிவாவதில்லை. அருகில் வசிப்பவரின் நுரையீரலில் பதிவாகிறது. செய்பவர் ஏற்க வேண்டிய செலவைப் பிறர் ஏற்க நேரிடும்போது, அச்செயல் சமூகத்துக்குத் தேவையானதைவிட மிகுதியாக நடைபெறும் என்பதை ஆர்தர் பிகு 1920-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். பத்து விநாடிச் சொல்லும் அத்தகையதே. எழுதுபவருக்கு அதன் விலை ஏறக்குறையச் சுழியம். முழு விலையையும் இலக்கானவர் செலுத்துகிறார்.

சினத்தின் சந்தை: இடையில் இலாபம் ஈட்டுபவர் ஒருவரும் இருக்கிறார். தகவல் பெருகும் உலகில் அரிதாகிப்போவது மனிதரின் கவனமே என்று 1971-இலேயே சுட்டிக்காட்டினார் ஹெர்பர்ட் சைமன். அந்த அரிய பொருளைச் சேகரித்து விளம்பரதாரருக்கு விற்பதே சமூக ஊடக நிறுவனங்களின் தொழில். ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆவணங்கள் 2021-இல் வெளியானபோது ஒரு செய்தி தெரியவந்தது. 2017 முதல் அந்நிறுவனம், ஒரு பதிவை எத்தனை பேருக்குக் காட்டுவது என்று முடிவு செய்யும் கணக்கில், சினமுகக் குறி உள்ளிட்ட உணர்ச்சிக் குறிகளுக்குச் சாதாரண ‘லைக்’கைப் போல ஐந்து மடங்கு மதிப்பு அளித்திருந்தது. சினமுகக் குறியைப் பெறும் பதிவுகளில் பொய்யும் வசையும் மிகுந்திருப்பதை அதன் ஆய்வாளர்களே கண்டு எச்சரித்தனர். மதிப்பு படிப்படியாகக் குறைக்கப்பட்டு 2020-இல் சுழியமாக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் சினம் மலிவாக உற்பத்தியாகி, உயர்ந்த விலைக்கு விற்கப்பட்டது.

வசையைக் களைந்து உரையாடலை ஒழுங்கில் வைக்கும் பணியைத் தமிழ் இணையம் ‘மட்டுறுத்தல்’ என்று அழைக்கிறது. நிறுவனத்தின் பார்வையில் அது வருவாய் தராத செலவு. எனவே அச்செலவு, கேள்வி கேட்கும் வலிமையுள்ள நாடுகளுக்கே முதலில் ஒதுக்கப்படுகிறது. அதே ஆவணங்களின்படி, பொய்த் தகவல்களை வகைப்படுத்தும் பணிக்கான உலகளாவிய ஒதுக்கீட்டில் 87 சதவீதம் அமெரிக்காவுக்கே சென்றது. தினசரிப் பயனர்களில் வட அமெரிக்கர்களின் பங்கோ சுமார் 10 சதவீதம். இக்கணக்கு முழுமையானதன்று என்று நிறுவனம் மறுத்தது. முழுமையான கணக்கு எது என்பதைப் பயனர்கள் அறிய வழியில்லை.

தமிழுக்குரிய இடர் இன்னும் நுட்பமானது. நம்மவர் பலர் தமிழை ஆங்கில எழுத்தில், ஆங்கிலச் சொற்களோடு கலந்து எழுதுகிறார்கள். ஒரே சொல்லைப் பத்து விதமாக எழுத்துக்கூட்டுகிறார்கள். ஒரு வட்டாரத்தில் உரிமையோடு அழைக்கும் சொல் வேறொரு வட்டாரத்தில் வசையாகிறது. 2020-இல் ஆய்வாளர்கள், யூடியூபில் திரைப்பட முன்னோட்டங்களின் கீழ் எழுதப்பட்ட 15,000-க்கும் மேற்பட்ட தமிழ்-ஆங்கிலக் கலப்புப் பின்னூட்டங்களைத் திரட்டி, அவற்றின் உணர்ச்சித் தொனியை மனிதர்களைக் கொண்டே வகைப்படுத்தினர். அத்தகைய அடிப்படைப் பணியே அப்போதுதான் நடந்தது என்றால், இயந்திரம் தமிழ் ஏளனத்தை எவ்வளவு புரிந்துகொண்டிருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

சட்டம் கற்றுத்தந்த பாடம்: கடும் சட்டம் இயற்றினால் போதாதா என்று கேட்கலாம். அதைச் செய்து பார்த்துவிட்டோம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, ‘மிகவும் புண்படுத்தும்’, ‘எரிச்சலூட்டும்’ செய்திகளை அனுப்புவோருக்கு மூன்று ஆண்டுவரை சிறைத்தண்டனைக்கு வழிவகுத்தது. 2012 அக்டோபரில், இணையத்தில் தமக்கு இழைக்கப்பட்ட துன்புறுத்தல் குறித்துப் பாடகி சின்மயி அளித்த புகாரில் சென்னையில் கைதுகள் நடந்தன. அதே மாதம், அன்றைய மத்திய அமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகப் புதுச்சேரியில் ஒரு வணிகர் கைதானார். இரண்டிலும் கையாளப்பட்டது இதே பிரிவு. துன்புறுத்தலுக்கும் விமர்சனத்துக்கும் வேறுபாடு காணாத அப்பிரிவை, ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அரசமைப்புக்கு முரணானது என்று நீக்கியது. சொற்களுக்கான சட்டத்தை அகலமாக வரைந்தால், முதலில் அதைப் பயன்படுத்துபவர் அதிகாரம் உள்ளவரே.

2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் வேறு வழியை நாடின. ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர் அலுவலரை அமர்த்த வேண்டும். புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, 15 நாள்களுக்குள் முடிவு காண வேண்டும் என்று அவை வகுத்தன. முடிவில் நிறைவு இல்லையெனில் மேல்முறையீட்டுக் குழுவை அணுகும் வாய்ப்பும் பின்னர் சேர்க்கப்பட்டது. இவை பயனுள்ளவையே. ஆனால், தனித்தனியே பார்த்தால் குற்றமாகாத ஐயாயிரம் வரிகளுக்கு எதிராக ஐயாயிரம் புகார்களை அளிக்க எவருக்குத் தெம்பிருக்கும்?

கொரியா கண்ட வழி: உண்மைப் பெயரில் எழுதச் செய்தால் வசை ஒழிந்துவிடும் என்போரும் உண்டு. தென்கொரியா 2007-இல் பெரிய இணையதளங்களில் எழுதுவோர் தம் அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும் என்று சட்டம் செய்தது. 2011-இல் அங்கு ஒரு இணைய நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ மூன்றரைக் கோடிப் பயனர்களின் விவரங்கள் திருடுபோயின. சட்டவிரோதப் பதிவுகள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததற்குச் சான்றில்லை என்று கூறி, 2012-இல் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் சட்டத்தை நீக்கியது. நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுக்களைப் பார்த்தாலே இது விளங்கும். அங்கு அனைவரும் சொந்தப் பெயரில், சொந்த எண்ணிலிருந்துதான் சண்டையிடுகிறார்கள்.

அதே கொரியா பின்னர் வேறொன்றைச் செய்தது. 2019 அக்டோபரில், நெடுநாள் இணைய வசைக்கு ஆளாகியிருந்த பாடகி சல்லி உயிரிழந்ததை அடுத்து, காக்காவ் நிறுவனம் தன் டாம் தளத்தில் கேளிக்கைச் செய்திகளுக்கான பின்னூட்டப் பகுதியை மூடியது. 2020 மார்ச்சில் நேவர் தளமும் அவ்வாறே செய்தது. சில மாதங்களில் விளையாட்டுச் செய்திகளுக்கும் அதை நீட்டித்தது. எவரும் கைதாகவில்லை, எக்கருத்தும் தடைசெய்யப்படவில்லை. தனிமனிதரின் வாழ்வை அலசும் செய்திகளின் கீழே கூட்டம் கூடுவதற்கான திண்ணை மட்டும் அகற்றப்பட்டது. திண்ணையை அமைத்து, அதனால் ஆதாயம் பெறுபவரே அதற்குப் பொறுப்பு என்ற எளிய நியாயம் இதில் உள்ளது.

மடையும் கலங்கலும்: பொதுவளங்களை மக்கள் தாமே காக்கும் முறைகளை ஆராய்ந்து 2009-இல் நோபல் பரிசு பெற்றவர் எலினார் ஆஸ்ட்ரம். நெடுங்காலம் நிலைத்த ஏற்பாடுகளில் சில பொதுப் பண்புகளை அவர் கண்டார்: எல்லை தெளிவாக இருக்கும், கண்காணிப்பவர் பயன்படுத்துவோருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராக இருப்பார், தவறியவருக்குத் தண்டனை சிறியதில் தொடங்கிப் படிப்படியாக உயரும். ஏரிகளைச் சார்ந்து வளர்ந்த அம்பத்தூர், ஆவடி வட்டாரத்தவருக்கு இது புதிதன்று. மடையைத் திறப்பவர் யார், எப்போது, எவ்வளவு என்ற ஒழுங்கும், மிகுநீர் கரையை உடைக்காமல் வெளியேறக் கலங்கலும் இல்லாத ஏரி ஊருக்கு நன்மை செய்யாது.

தமிழ் இணையமே இதை ஒருமுறை செய்து காட்டியிருக்கிறது. 2000-களின் நடுப்பகுதியில் வலைப்பதிவுகளில் போலிப் பெயர்களில் வசை பெருகியபோது, தமிழ்மணம் திரட்டி, மறுமொழிகளைப் படித்துப் பார்த்து அனுமதிக்கும் பதிவுகளின் மறுமொழிகளையே தன் முகப்பில் காட்டுவது என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அரசும் தலையிடவில்லை, காவல்துறையும் வரவில்லை. இடத்தைத் திறந்தவர் வாசலில் அமர்ந்தார், அவ்வளவுதான்.

இன்று செய்யத்தக்கவை மூன்று. முதலாவதாக, விபத்திலோ துயரிலோ சிக்கிய சாதாரண மனிதர் தோன்றும் காணொளிகளுக்குச் செய்தி நிறுவனங்களும் யூடியூப் அலைவரிசைகளும் பின்னூட்டத்தை மூட வேண்டும். இயலாவிடில் படித்துப் பார்த்தே வெளியிட வேண்டும். அதற்கான வசதி அத்தளங்களிலேயே உள்ளது. இரண்டாவதாக, ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்னணுச் சேவைகள் சட்டம், தன் ஆட்சிமொழி ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் மட்டுறுத்தும் பணியில் உள்ளனர் என்பதை மிகப் பெரிய தளங்கள் வெளியிட வேண்டும் என்கிறது. நம் அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளுக்கும் அதே கணக்கை இந்தியா கேட்க வேண்டும். மூன்றாவது, குடியிருப்புக் குழுக்களின் நிர்வாகிகளுக்கு உரியது. உறுப்பினரின் பதிவுக்கு நிர்வாகி குற்றப் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்துள்ளது. சட்டம் விலக்களித்தாலும், ‘இதை இங்கே பேச வேண்டாம்’ என்று முதலில் சொல்லும் கடமை அவருக்கு உண்டு.

மட்டுறுத்தல் தணிக்கையாகிவிடும் என்ற அச்சம் நியாயமானது. எனவே, அளவுகோல் தெளிவாக இருக்க வேண்டும். ஆட்சியாளர், பெருநிறுவனம், பொதுவாழ்வில் இருப்போர் ஆகியோர் மீதான கடுமையான விமர்சனத்துக்கு வாயில் அகலத் திறந்திருக்கட்டும். அதிகாரம் ஏதுமின்றி, ஒரு நாள் விபத்தால் மட்டும் அறியப்பட்ட மனிதரைச் சூழும் கூட்டத்துக்கே மடை தேவை. இன்று நம்மிடம் இருப்பது தலைகீழ் நடைமுறை: அதிகாரத்தில் இருப்பவரைப் பற்றி எழுதப் பலமுறை யோசிக்கிறோம், அடுத்த தெருவில் இருப்பவரைப் பற்றி எழுத ஒரு விநாடியும் யோசிப்பதில்லை.

(மன உளைச்சலில் இருப்போர் தமிழக அரசின் 104 உதவி எண்ணையோ, மத்திய அரசின் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணிலோ அழைத்துப் பேசலாம்.)