எட்டில் தயங்கும் கரு

மாடு வளர்க்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: நல்ல காளையின் சினை ஊசியாகப் பார்த்துப் போட்டும் பசுவுக்குச் சினை நிற்கவில்லையே, ஏன்? காரணங்கள் பல. அவற்றில் ஒன்று ஆய்வகத்தில் கண்ணுக்கே தெரிகிறது.

அங்கே மனிதர்களுக்குச் செய்வது போலவே பசுவுக்கும் உடலுக்கு வெளியே கருத்தரிக்க வைக்கிறார்கள். அப்படிப் பிறந்த முதல் கன்று ‘வர்ஜில்’, 1981-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில். எண்ணெய் மூடிய ஒரு துளித் திரவத்தில், 38.5 டிகிரிச் சூட்டில் கரு வளரும். கொழுப்பு மிகுதியால் கறுத்துத் தெரியும். இரண்டு, நான்கு, எட்டு என்று செல்கள் பெருகினாலும் உருண்டை பெருப்பதில்லை. உள்ளுக்குள்ளேயே பங்கு பிரிந்துகொண்டு போகும். ஏழாம் நாள் உள்ளே நீர் கோத்துக் குமிழாகும்.

என்னைக் கட்டிப்போடுவது மூன்றாம் நாள். எட்டு செல் ஆனதும் கரு தயங்கும். பல அங்கேயே நின்றுவிடும். இதைத் தாண்ட வழி தெரியாத காலத்தில், பசுவின் கருவைச் செம்மறி ஆட்டின் கருக்குழாயில் சில நாள் வளர்த்து எடுத்தார்கள்! செம்மறியின் கருக்குழாய் நீரை ஆராய்ந்து 1972-இல் உருவாக்கிய வளர்ப்புக் கரைசலின் வழிவந்தவைதான் இன்றும் பல ஆய்வகங்களில் இருக்கின்றன.

ஏன் எட்டில் இந்தத் தயக்கம்? எலியின் கருவில் இரண்டு செல்லிலேயே சொந்த மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. பசுவின் கருவில் அவை முழுதாக விழிப்பது எட்டுக்கும் பதினாறுக்கும் இடையில். அதுவரை பிழைப்பு, தாய் முட்டைக்குள் சேர்த்து வைத்ததை நம்பித்தான். விடுதியில் என் முதல் மாதம் அம்மா கட்டிக்கொடுத்த பருப்புப்பொடியில் ஓடியது போல. காளையின் விந்து முட்டையைத் தூண்டிவிடுகிறது. ஆனால் அதன் மரபணுக்களும் அந்த விழிப்புக்காகக் காத்துத்தான் கிடக்கின்றன.

நாமோ காளையின் வம்சத்தைத் துருவித் துருவி விசாரிக்கிறோம். பசுவைத் தகரக் கூரையின் அனலில், காய்ந்த வைக்கோலோடு கட்டிவைக்கிறோம். இது எனக்குப் பொறுக்கவில்லை. முட்டை சினைப்பையில் வளர்ந்து முதிர மாதங்கள் ஆகும். கோடையில் வெந்த பசுவின் முட்டைகள் வெயில் தணிந்து வாரங்கள் ஆனாலும் தேறுவதில்லை. அதனால் ஊசிக்கு ஆள் கூப்பிட இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதே பசுவுக்கு நிழலும் பசுந்தீவனமும் தாது உப்பும் தொட்டி நிறையத் தண்ணீரும் வேண்டும்.