எனில், இன்றேல்: கணிப்பொறிக்கு வழிகாட்டும் இரு சொற்கள்

1957ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள், சக ஆண்டு 1879இன் சைத்திர மாத முதல் நாளாக அமைந்தது. அன்று முதல் இந்திய தேசிய நாட்காட்டி அரசாங்க வழக்கிற்கு வந்தது. வானியற்பியல் அறிஞர் மேகநாத சாஹாவின் தலைமையில் 1952இல் அமைக்கப்பெற்ற நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் பரிந்துரையே இதற்கு அடிப்படையாகும். இந்திய அரசிதழில் ஆங்கிலத் தேதியோடு சக ஆண்டுத் தேதியும் அச்சிடப்படுவதை வாசகர்கள் கண்டிருக்கக்கூடும்.

இந்நாட்காட்டியின் பன்னிரண்டு மாதங்களுள் சைத்திரத்தின் நாட்கணக்கு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது. சாதாரண ஆண்டில் அதற்கு 30 நாட்கள். ஆண்டு மார்ச் 22இல் பிறக்கும். லீப் ஆண்டில் 31 நாட்கள். ஆண்டு மார்ச் 21இல் பிறக்கும். எது லீப் ஆண்டு என்பதற்கு ஒரு விதி உண்டு. சக ஆண்டுடன் 78ஐக் கூட்டுக. கூட்டுத்தொகை 4ஆல் மீதியின்றி வகுபடுமாயின் அது லீப் ஆண்டு. ஆனால் அத்தொகை 100இன் மடங்காக இருப்பின், 400ஆலும் வகுபட்டாலன்றி அது லீப் ஆண்டு ஆகாது.

இவ்விதியைப் படிக்கும் மனிதர், ‘ஆனால்’ என்ற சொல் முன் கூறியதற்கு ஒரு விலக்கைத் தருகிறது என்பதை உடனே உணர்ந்துகொள்வர். கணிப்பொறிக்கு அவ்வுணர்வு இல்லை. அதனிடம் இடப்படும் கட்டளைகள் நினைவகத்தில் வரிசையாக நிற்கின்றன. அடுத்துச் செய்யவேண்டிய கட்டளை எந்த இடத்தில் உள்ளது என்பதை ஓர் எண் குறித்துக்கொண்டே வரும். சாதாரணமாக அந்த எண், வரிசைப்படி அடுத்த கட்டளையையே காட்டும். நிபந்தனைக் கூற்று ஒன்று வரும்பொழுது, பொறி இரண்டு மதிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கிறது. நிபந்தனை மெய்யானால் ஒரு வழி. பொய்யானால் அந்த எண் மாற்றப்பட்டு, வேறோர் இடத்திலுள்ள கட்டளைக்குப் பொறி தாவுகிறது. கணிப்பொறி ‘முடிவு செய்கிறது’ என்று நாம் கூறுவதன் பொருள் இவ்வளவே.

பைத்தான் போன்ற நிரல்மொழிகளில் இதனை ‘இஃப்’, ‘எலிஃப்’, ‘எல்ஸ்’ என்னும் சொற்களால் எழுதுவர். நாம் இங்கு ‘எனில்’, ‘இன்றேல்’ என்றே கொள்வோம். புதிதாக நிரல் எழுதும் மாணவர் ஒருவர், மேற்கண்ட விதியைப் படித்த வரிசையிலேயே எழுதுவதாக வைத்துக்கொள்வோம்:

4ஆல் வகுபடும் எனில், 31 நாட்கள்.
இன்றேல், 100ஆல் வகுபடும் எனில், 30 நாட்கள்.
இன்றேல், 400ஆல் வகுபடும் எனில், 31 நாட்கள்.
இன்றேல், 30 நாட்கள்.

சோதித்துப் பார்ப்போம். சக ஆண்டு 1922க்குக் கூட்டுத்தொகை 2000. விடை 31, சரி. 1946க்குத் தொகை 2024. விடை 31, சரி. 1947க்குத் தொகை 2025. விடை 30, அதுவும் சரி. மாணவர் மனநிறைவு கொள்வார். ஆயின் சக ஆண்டு 2022க்குத் தொகை 2100. இது 4ஆல் வகுபடுவதால் முதல் வரியே 31 என்று விடை தந்துவிடுகிறது. வரவேண்டிய விடையோ 30.

பிழை எங்கே? இவ்வகைத் தொடரில் ஒரு நிபந்தனை மெய்யானவுடன் எஞ்சியவற்றைப் பொறி கேட்பதே இல்லை. 100இன் மடங்குகள் யாவும் 4ஆல் வகுபடுவன. ஆதலால் இரண்டாம் வரியும் மூன்றாம் வரியும் எந்த ஆண்டிலும் பயன்படா. 1901 முதல் 2099 வரையுள்ள தொகைகளுக்கு இந்நிரல் சரியான விடையே தருமாதலால், பிழை வெளிப்படாமல் உறங்கிக் கிடக்கும். திருத்தம் எளிது: குறுகிய நிபந்தனையை முதலில் வைக்கவேண்டும். 400, பின்பு 100, பின்பு 4 என்ற வரிசையில் கேட்டால் எல்லா ஆண்டுகளுக்கும் விடை சரியாக வரும்.

வரிசை சரியாக இருப்பினும், ஒரு நிலைக்கு வழியே வகுக்காமல் விடுவதும் உண்டு. 2008ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள், மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் கையடக்க இசைக்கருவிகளுள் ஒரு வகை இயங்காமல் நின்றுவிட்டது. அதன் கடிகார நிரல், மொத்த நாட்களிலிருந்து ஆண்டுதோறும் உரிய நாட்களைக் கழித்து, நடப்பாண்டைக் கண்டுபிடிக்கும். எஞ்சிய நாட்கள் 365ஐ விட மிகுதியாக உள்ளவரை இதைத் திரும்பத் திரும்பச் செய்க என்பது கட்டளை. லீப் ஆண்டாயின், நாட்கள் 366ஐ விட மிகுதி எனில் 366ஐக் கழிக்கவேண்டும். அன்றோ எஞ்சியவை சரியாக 366 நாட்கள். 366, 365ஐ விட மிகுதி. ஆனால் 366ஐ விட மிகுதியன்று. இந்நிலையில் செய்யவேண்டியது யாதென எழுதப்படவில்லை. பொறி எதையும் கழிக்காமல், வெளியேறவும் இயலாமல், ஒரே வட்டத்தில் சுழன்றது. மின்கலம் தீர்ந்து நின்ற கருவிகள், மறுநாள் மின்னேற்றம் பெற்றதும் பழையபடி இயங்கின.

ஆகவே நிரல் எழுதத் தொடங்குவோர் மூன்று பழக்கங்களை மேற்கொள்ளுதல் நன்று. முதலாவது, எழுதுமுன் நேரக்கூடிய எல்லா நிலைகளையும் தாளில் பட்டியலிடுக. இரண்டாவது, ஒவ்வோர் ‘எனில்’லுக்கும் ‘இன்றேல் என்ன?’ என்று கேட்டுக்கொள்க. மூன்றாவது, எல்லை எண்களையும் அவற்றின் இரு பக்கங்களையும் சோதிக்க: 365, 366, 367 என்பன போலவும், 2000, 2100 என்பன போலவும்.

சக ஆண்டு 2022, கி.பி. 2100இல் மார்ச் 22ஆம் நாள் பிறக்கவேண்டும். பிழையான நான்கு வரிகள் அதனை ஒரு நாள் முன்னதாகவே பிறப்பித்துவிடும். இன்று எழுதப்படும் ஒரு சிறு நிரல் அன்றும் எங்கேனும் இயங்கிக்கொண்டிருக்கக்கூடும். அதனைத் திருத்த எழுதியவர் அப்பொழுது அருகில் இருக்கமாட்டார்.