பனியை உருக்கும் மலர்

வட அமெரிக்காவின் கிழக்குப் பிராந்தியத்துச் சதுப்பு நிலங்களில், பிப்ரவரி மாதத்து உறைபனி இன்னும் விலகாதிருக்கும் காலத்திலேயே, தன்னைச் சூழ்ந்த பனியைத் தன் சொந்த உஷ்ணத்தால் உருக்கிக்கொண்டு வெளிப்படுகிறது, ஸ்கங்க் கேபேஜ் என்னும் செடியின் கருஞ்சிவப்பு மடல். நிலத்தடித் தண்டில் சேமித்த மாவுச்சத்தைச் சுவாசத்தின் மூலம் எரித்து, மடலுக்குள் மறைந்திருக்கும் பூங்கதிரானது, வெளிக்காற்றைவிட 15 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை அதிகமான உஷ்ணத்தை இரண்டு வார காலம் காப்பாற்றி வருவதாக, 1974-இல் ரோஜர் நட்சன் என்ற விஞ்ஞானி எழுதினார். வாசனையோ, சொல்லவே தயங்கும்படியான துர்க்கந்தம். ஆயினும் குளிரில் இரை தேடும் ஈக்களுக்கு அதுவே அழைப்பு. நம் சேனைக்கிழங்கும் ஸ்கங்க் கேபேஜின் குடும்பந்தான். அதன் பூவும் சூடேறும், நாறும்.