வேலிக்காத்தானை காமராஜர் கொண்டு வந்தாரா? வெட்டினால் போதுமா? - சீமைக் கருவேலம் பற்றி முழு விளக்கம்

சாத்தூரில் இருந்து தாயில்பட்டிக்கு பஸ்ஸில் போனால், பட்டாசு ஆலை போர்டுகளுக்கு அடுத்தபடியாக அதிகம் கண்ணில் படுவது சீமைக் கருவேலம்தான். கண்மாய், தரிசு, வைப்பாற்றுப் படுகை என எங்கும் அதே முள். 'நம்ம ஊரு காமராஜர்தான் இதைக் கொண்டு வந்தார்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் அவ்வப்போது சுற்றும். உண்மை என்ன?

எங்கிருந்து வந்தது?

மெக்சிகோ, கரீபியன் தீவுகள், தென் அமெரிக்காவின் வடபகுதி ஆகியவை இதன் தாயகம். விறகுத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க, ஆங்கிலேய வனத்துறை 1877-ல் ஜமைக்காவில் இருந்து விதைகளை வரவழைத்தது. காமராஜர் பிறந்ததே 1903-ல்தான்! வேலிக்கும் விறகுக்கும் ஆகும் என்று பின்னாளில் இதைப் பரப்பினார்கள் என்பது வேறு கதை.

தொட்டாற்சிணுங்கிக்கு சொந்தமா?

ஆமாம். 1788-ல் தாவரவியலாளர் ஸ்வார்ட்ஸ் இதற்கு வைத்த பெயரே 'மிமோசா ஜூலிஃப்ளோரா'. பிறகு 'புரோசோபிஸ்' ஆனது. 2022-ல் 'நெல்டுமா' என்ற பேரினத்துக்கு மாற்றப்பட்டது.

நாட்டுக் கருவேலத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நாட்டு மரத்தின் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோர்த்தது போல இருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ அணில் வால் போல நீளமாக இருக்கும். காய் பழுத்தால் மஞ்சளாகும், இனிக்கும்.

யாரும் நடாமலே எப்படிப் பரவுகிறது?

ஆடு, மாடுகள் இனிப்புக்காகக் காயைத் தின்கின்றன. கெட்டியான விதை செரிக்காமல் சாணத்தோடு வெளியே வருகிறது. ஒரு மழை போதும், முளைத்துவிடும். வேர் மிக ஆழமாகப் போவதால் வறட்சியைத் தாங்கும். அடர்ந்து வளரும் இடத்தில் புல்லும் மற்ற செடிகளும் தலைதூக்க முடியாது. ஆனால், 'கார்பன் டை ஆக்சைடை மட்டுமே வெளியிடும் மரம்' என்பது கட்டுக்கதை. எல்லா மரங்களையும் போல இதுவும் ஒளிச்சேர்க்கை செய்கிறது.

பயன் உண்டா?

நிறையவே. பச்சையாக வெட்டினாலும் எரியும். விறகை அடுக்கி, மேலே தழையும் மண்ணும் மூடி, காற்று அதிகம் போகாமல் சில நாள்கள் புகைய விட்டால் கரி. இதுதான் கரிமூட்டம். சுமார் நாலு டன் விறகுக்கு ஒரு டன் கரி கிடைக்கும். விருதுநகர், ராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் மழை பொய்க்கும் வருடங்களில் பல குடும்பங்களுக்கு இந்த விறகும் கரியும்தான் சோறு போடுகின்றன.

கோர்ட் என்ன சொன்னது?

2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் இம்மரத்தை அகற்றும் பணி வேகம் பிடித்தது. அறிவியல் ஆய்வு இல்லாமல் வெட்டலாமா என்ற கேள்வி எழ, அதே ஆண்டு இடைக்காலத் தடை வந்தது. 2022-ல் அந்நியத் தாவரங்களை அகற்றி, வாழிடங்களை மீட்பதற்கான கொள்கையை தமிழக அரசு வெளியிட்டது.

அப்போ, வெட்டினால் போதுமா?

போதாது. அடிக்கட்டையை விட்டால் மொட்டுகள் மறுபடி துளிர்த்து, முன்பைவிட அடர்த்தியான புதராகும். வேர்க்கட்டையோடு தோண்ட வேண்டும். மண்ணில் கிடக்கும் விதைகள் முளைக்க முளைக்க, சில வருடங்களுக்கு நாற்றுகளைப் பிடுங்க வேண்டும். காலியான இடத்தில் புங்கன், வேம்பு, நாட்டுக் கருவேலம், பனை என நம்ம ஊர் மரங்களை உடனே நட வேண்டும். இல்லையென்றால் ஜேசிபி போன வழியில் வேலிக்காத்தான் திரும்பி வரும்.

கண்மாயைக் காலி செய்வது முதல் வேலை என்றால், கரிமூட்டத்தை நம்பி இருப்பவருக்கு மாற்று வருமானம் காட்டுவது அதே அளவு முக்கியமான வேலை. மரம் போய், கூலியும் போனால், அந்தக் கண்மாயை அடுத்த வருடம் யார் பார்த்துக்கொள்வார்கள்?