நோயுற்ற பாம்பின் கூண்டு

அந்தமான் தீவுகளில் மட்டுமே வாழும் நச்சுப்பாம்பு அந்தமான் நாகம். அத்தகைய பாம்பு நோயுற்றால், அதனை எவ்வாறு பேணுவர்?

பாம்பு தன் உடல் வெப்பத்தைச் சூழலிலிருந்தே பெறுகிறது. உடல் குளிர்ந்தால் செரிமானம் குன்றும். நோயை எதிர்க்கும் ஆற்றலும் குறையும். ஆகவே, பராமரிப்புக் கூண்டின் ஒரு பக்கத்தை வெதுவெதுப்பாகவும் மறுபக்கத்தைக் குளிர்ச்சியாகவும் அமைப்பர். தனக்கு ஏற்ற இடத்தைப் பாம்பே தேர்ந்துகொள்ளும்.

தரையில் மண்ணுக்குப் பதிலாக வெள்ளைத் தாளை விரிப்பர். எச்சமும் குருதிக் கறையும் அதில் தெளிவாகத் தெரியும். நீர்க் கிண்ணத்துடன், ஒளிந்துகொள்ள ஒரு சிறு பெட்டியும் வைப்பர். ஒளிவிடம் இல்லையெனில் பாம்பு அஞ்சி, உண்ண மறுக்கும்.

காட்டிலுள்ள பாம்பைப் பிடித்து வீட்டில் வளர்ப்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. எனவே, காயமுற்ற பாம்பைக் கண்டால் தொடாமல் விலகி நின்று, பெரியவர் வழியாக வனத்துறைக்குத் தெரிவித்தல் வேண்டும். அதுவே அவ்வுயிருக்கு நாம் செய்யும் முதல் உதவி.